வேனுக்குப் புது ஆல்டர்னேட்டர் போட்டேன். கூடவே உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க. மூணு வாரமா வெள்ளிக்கிழமை பூசைக்கு வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறீங்க. "வேன் எங்க அண்ணே, வித்துட்டீங்களா?" விக்கல. வீட்டு முன்னாடி சீட்டு எல்லாம் கழட்டி, தரை விரிப்ப உரிச்சுப் போட்டு, எலும்புக்கூடு மாதிரி நிக்குது. வீட்டுக்காரம்மா இப்ப போர்ச்சுல துணி காயப் போட முடியாம என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. ஏன் இந்த வேலை எடுத்தேன்னு எழுதுறேன். வேன் வச்சு கோயில் வேலை செய்யுற மத்த தம்பிகளுக்கும் உதவும்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு கிள்ளான்லேர்ந்து பத்து மலைக்கு நடந்தோம். நாப்பது கிலோமீட்டர் சொச்சம். வழக்கம்போல எல்லாருக்கும் பின்னாடி என் வேன். தண்ணி, மருந்துப் பெட்டி, கால் வலிச்சவங்க உக்கார இடம், பாட்டு போட ஸ்பீக்கர். முக்கியமா, பின்னாலேர்ந்து வர்ற லோரிக்கு 'முன்னாடி மனுஷங்க நடக்குறாங்க'ன்னு காட்டுற விளக்கு. அதுதான் அந்த வேனோட முதல் வேலை. பாட்டு எல்லாம் அப்புறம்.

ராத்திரி 10.30க்குப் புறப்பட்டோம். ஒரு மணி இருக்கும். வேனோட விளக்கு எல்லாம் மெல்ல மங்கி அணைஞ்சு போச்சு. எனக்குத் தெரியல. முன்னாடி தெரு விளக்கு வெளிச்சம் இருந்துச்சு, என்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டுப் போனேன். ஸ்பீக்கர் நின்னதக் கூட பாட்டு முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். வேனுக்குப் பின்னாடி தங்கி நடந்த பால்குடம் அக்கா (யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், பேர் வேணாம்) அவங்கதான் முதல்ல பார்த்தாங்க. "தம்பி, லைட் இல்ல, நிறுத்துங்க"ன்னு கத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. எனக்குக் கேக்கல. பின்னால ஒரு லோரி வந்துச்சு. டிரைவர் கடைசி நிமிஷத்துல ஒடிச்சு விலகிப் போனாரு. அந்த மனுஷன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா பயத்துல அக்கா ஓரத்துக்குத் தாவி கால்வாய்ல விழுந்துட்டாங்க. மணிக்கட்டு எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருஷம் அவங்க பால்குடம் எடுக்கல.

எல்லாரும் என்ன சொன்னீங்க? "பழைய வேன் அண்ணே, என்ன செய்யுறது, முருகன் காப்பாத்துனான்." நானும் தலைய ஆட்டிட்டேன். அது முழு உண்மை இல்ல. அதைக் கடைசில சொல்றேன். முதல்ல விளக்கு ஏன் அணைஞ்சதுன்னு பார்ப்போம்.

நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைக்கிறது, வேன் என்ஜின் ஓடுற வரைக்கும் கரண்டு வந்துக்கிட்டே இருக்கும்னு. வரும், ஆனா எவ்வளவு வரும்ங்கறதுதான் கேள்வி. என் வேன் 1996 மாடல் நிசான் வேனட். அதோட ஆல்டர்னேட்டர்ல 50 ஆம்பியர்னு தகடு அடிச்சிருக்கு. அது என்ஜின் நல்லா சுத்தும்போது கிடைக்கிற கணக்கு. நாம பாத யாத்திரைல போறது நடை வேகம். என்ஜின் ஐட்லிங்ல கிடக்கும். அப்ப அந்த 50ல பாதிகூட வராது.

ஒரு ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு, காகிதத்துல கணக்குப் போட்டேன். முன் விளக்கு ரெண்டும் 110 வாட். பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு 25. ஹசார்ட் விளக்கு நாலும் 84, விட்டு விட்டு எரியுறதால பாதியா வச்சுக்குவோம், 42. ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் 120. இன்வெர்ட்டர்ல மாட்டுன எல்.ஈ.டி. விளக்கு ரெண்டும் 60. தண்ணி குளிர வைக்குற பெட்டி 50. உள்ளுக்குக் காத்து விடுற ஃபேன் 60. என்ஜின் தனக்கே எடுத்துக்குறது 40. கூட்டிப் பாருங்க, 500 வாட்டுக்கு மேல வருது. 12 வோல்ட் வண்டில அது 40 ஆம்பியர். வர்றது 20, போறது 40. மிச்ச 20ம் பேட்டரிலேர்ந்து போகுது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் நாலு வருஷம் பழசு. ரெண்டரை மணி நேரம் தாங்குனதே பெரிசு. பள்ளிக்கூடக் கணக்குதான், எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவனுக்குத் தெரிஞ்ச கணக்கு. புறப்படுறதுக்கு முன்னாடி போட்டிருந்தா அந்த ராத்திரி நடந்திருக்காது.

இன்னொண்ணு. டாஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மூணு வாரமாவே லேசா மினுங்குச்சு. முழுசா எரியல, இருட்டுல பார்த்தாத்தான் தெரியும். 'பூசம் முடியட்டும் பார்த்துக்கலாம்'னு விட்டேன். கழட்டிப் பார்த்தப்ப கார்பன் பிரஷ் தேஞ்சு தேஞ்சு பட்டாணி அளவுதான் மிச்சம் இருந்துச்சு. அப்படின்னா அந்த 20 ஆம்பியர் கூட முழுசா வந்திருக்காது.

ஹாஃப் கட் கடைல 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒண்ணு, ரீகண்டிஷன் செஞ்சது, 280 வெள்ளிக்கு வாங்குனேன். கடைலேயே மெஷின்ல சுத்தவிட்டுக் காட்டச் சொல்லி, வர்ற ஆம்பியர் பார்த்துட்டுத்தான் காசு குடுத்தேன். தவுக்கே முறைச்சாரு, ஆனா காட்டுனாரு. பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க தம்பிகளா. போல்ட் ஓட்டை தூரம், பிளக் எத்தனை கால், புல்லி காடி எல்லாம் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். படம் மட்டும் காட்டி வாங்குனா ரெண்டு தடவை அலையணும்.

கோயில்ல ஒரு அண்ணன் கேட்டாரு, "90 போட்டா பேட்டரி வெடிச்சுடாதா, ஒயர் எரிஞ்சிடாதா?" நல்ல கேள்வி. கோயில் தண்ணித் தொட்டியப் பெரிசாக் கட்டுனா குழாய்ல தண்ணி தானா கூடக் கொட்டுமா? குழாயத் திறக்குற அளவுக்குத்தான் வரும். அதுபோல 90 ஆம்பியர்னா 90ஐயும் தள்ளாது. விளக்கும் ஸ்பீக்கரும் எவ்வளவு கேக்குதோ அதைத்தான் குடுக்கும். வோல்ட் அதே 14 பக்கம்தான். ஆனா ஒயர் கேள்வில அர்த்தம் இருக்கு. காலியான பேட்டரிய மாட்டுனா அது நிறைய இழுக்கும், அப்ப ஆல்டர்னேட்டர்லேர்ந்து பேட்டரிக்குப் போற பழைய ஒயர் சூடாகும். அதனால அந்த ஒயரையும் மாத்தணும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன், பேட்டரிக்குப் பக்கத்துல 100 ஆம்பியர் ஃபியூஸ். என்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயரும் புதுசு. எர்த்த எல்லாரும் மறந்துடுறாங்க. போற வழி பெரிசா இருந்து திரும்பி வர்ற வழி துருப்பிடிச்சுக் கிடந்தா என்ன லாபம்? பழைய ஒயர்ல ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மீட்டர் வச்சப்ப 0.8 வோல்ட் வழியிலேயே காணாமப் போச்சு. இப்ப 0.15.

இந்த இடத்துல ஒரு வெக்கக்கேடு. நான் தினமும் ஷிப்ட் தொடங்குறதுக்கு முன்னாடி என் ஆளுங்களுக்குப் பத்து நிமிஷம் பாதுகாப்பு பத்திப் பேசுறவன். மெஷின்ல கை வைக்குறதுக்கு முன்னாடி கரண்டை நிறுத்து, பூட்டு போடு, அட்டை மாட்டு. அதே வாய்க்காரன், வீட்டுல 'அஞ்சு நிமிஷ வேலைதானே'ன்னு பேட்டரி நெகட்டிவ கழட்டாமலே ஸ்பேனரை உள்ள விட்டேன். ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்குற தடி ஒயர் நேரா பேட்டரியோட சேர்ந்தது, சாவி எடுத்தாலும் அதுல கரண்டு இருக்கும். ஸ்பேனரோட ஒரு முனை அதுல, மறு முனை பாடில. 'பட்டீர்'னு ஒரு வெளிச்சம். ஸ்பேனர் நுனி ஒரு அரிசி அளவுக்கு உருகிப் போச்சு. கைல வாட்ச் கட்டியிருந்தேன், நல்லவேளை அது படல. மகள் ஓடி வந்து பார்த்துட்டு, "அப்பா, பூட்டு எங்க, அட்டை எங்க?"ன்னு கேட்டா. அந்த ஸ்பேனரை இப்ப ஃபேக்டரில என் மேசை மேல வச்சிருக்கேன். புதுசா வர்ற பையன்களுக்குக் காட்டுறேன், யாரோட ஸ்பேனர்னு மட்டும் சொல்றதில்ல.

முதல்ல நெகட்டிவ், அப்புறம்தான் மத்தது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

பெல்ட்டு பத்தி ஒரு வார்த்தை. பெரிய ஆல்டர்னேட்டர் கரண்டு குடுக்கும்போது சுத்துறதுக்குக் கனமா இருக்கும், பெல்ட்டு வழுக்கப் பார்க்கும். புது பெல்ட்டு போட்டேன். நடுவுல கட்டைவிரலால அமுக்குனா ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ள போகணும். ரொம்ப இறுக்குனா பேரிங் போயிடும். ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இருக்கான்னு நூல் பிடிச்சுப் பார்த்தேன். முதல் நாள் கிறீச்னு கத்துச்சு, நூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒரு தடவை இறுக்குனேன், சரியாப் போச்சு.

இப்ப எல்லா விளக்கும் போட்டு, ஸ்பீக்கரும் போட்டு, ஐட்லிங்ல பேட்டரில 13.6 வோல்ட் நிக்குது. முன்னாடி இதே சோதனைல 11.9. குளிர்ப்பெட்டிய எடுத்துட்டேன். போலிஸ்டிரீன் பெட்டில ஐஸ் போட்டா தண்ணி அதைவிட நல்லாவே குளுந்து இருக்கு. 280 வெள்ளி செலவழிச்ச அப்புறம் இந்த யோசனை வந்துச்சு, அது வேற கதை. சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகுற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்ணும் வாங்கிட்டேன். 12.5க்குக் கீழ இறங்குனா முதல்ல ஸ்பீக்கரை நிறுத்தணும், பாட்டு இல்லாட்டியும் முருகன் கோவிச்சுக்க மாட்டான். பின்னாடி ரெண்டு மினுக்கு விளக்கு, தனியா அதுக்குள்ளேயே பேட்டரி வச்சது, வேன் கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் ஒருநாள் போகும். ரெண்டும் ஒரே நேரத்துல போகாது.

சரி, விளக்கு அணைஞ்சதுக்கு இது போதும். ஆனா அக்கா கத்துனது ஏன் கேக்கல?

இந்த வேனுக்கு என்ஜின் முன் சீட்டுக்கு அடியில. நாம என்ஜின் மேலதான் உக்காந்து போறோம். சூடு, சத்தம் ரெண்டும் நேரா மேல வருது. பின் பக்கம் வெறும் தகரம். கையால தட்டுனா தவில் மாதிரி 'டங்'குன்னு அதிரும். என்ஜின் அதிர்ச்சில அந்தத் தகரம் முழுக்க பாடிக்கிட்டே வருது. ஃபேக்டரி பாதுகாப்பு அதிகாரிகிட்ட கேட்டு சத்தம் அளக்குற மீட்டரை ஒரு சாயங்காலம் இரவல் வாங்கினேன். 80 கிலோமீட்டர் வேகத்துல உள்ள 83 டெசிபல். நம்ம நாட்டுல 2019 சத்த விதிமுறைப்படி ஃபேக்டரில எட்டு மணி நேரத்துக்கு 85தான் எல்லை, 82க்கு மேல போனாலே அதிகச் சத்தம்னு கணக்கு. அதாவது நான் வேலைல காதுக்கு அடைப்பான் போட்டுட்டு, வேலை முடிஞ்சதும் அதே சத்தத்துக்குள்ள உக்காந்து வீட்டுக்கு வர்றேன்.

தரை விரிப்ப உரிச்சா உள்ள துரு. ரெண்டு இடத்துல ஸ்குரூடிரைவர் உள்ளயே போச்சு. நிறைய பேர் இதைப் பார்க்காம மேலயே ஷீட்டு ஒட்டிடுவாங்க, அடியில ஈரம் தங்கி இன்னும் வேகமா அரிக்கும். ஒரு முழு வாரம் துருவைத் தேய்க்கவும், தகரம் வச்சு வெல்டிங் செய்யவும், துரு மருந்து, பிரைமர் அடிக்கவும் போச்சு. அலுப்பான வேலை, அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

ஒட்டுனது பியூட்டில் ஷீட்டு, 2 மில்லிமீட்டர், மேல அலுமினியத் தாள். கூரைக்கு அடிக்குற தார் ஷீட்டு விலை பாதிதான், ஒரு தம்பி அதை வாங்கச் சொன்னாரு. வேணாம். நம்ம ஊர் வெயில்ல மத்தியானம் நிறுத்துன வண்டிக்குள்ள அது இளகித் தொங்கும், நாத்தம் வேற. குழந்தைங்க ஏறுற வண்டி. தகரத்த நல்லா எண்ணெய் போகத் துடைச்சு, ஒட்டி, சின்ன உருளையால அமுக்கி அமுக்கி காத்துக்குமிழ் இல்லாம செய்யணும். வெயில்ல நிறுத்திட்டு ஒட்டுனா ஹீட் கன் வேணாம். முழுத் தகரத்தையும் மூடணும்னு அவசியமே இல்ல. ஒவ்வொரு தகரத்துக்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு ஒட்டுனாலே அதிர்வு செத்துடும். தட்டிப் பாருங்க, 'டங்' போய் 'தொப்'புன்னு கேக்கும். அதோட நிறுத்திக்கலாம். இது சத்தத்த அடைக்குற சாமான் இல்ல, தகரம் பாடுறத நிறுத்துற சாமான். மொத்தம் நாலு சதுர மீட்டர், 13 கிலோ வந்துச்சு. கதவுக்குக் கீழ தண்ணி வடியுற ஓட்டை இருக்கும், அதை மட்டும் மூடிடாதீங்க.

ஆனா உண்மையச் சொன்னா, அதிகமா சத்தம் குறைஞ்சது ஷீட்டால இல்ல. சீட்டுக்கு அடியில என்ஜின் மூடி இருக்கே, அதைச் சுத்தி ஒரு ரப்பர் ஓரம். 20 வருஷத்துக்கு மேல வெந்து, கல்லு மாதிரி ஆகி, ஒரு விரல் இடைவெளி விட்டுக் கிடந்துச்சு. வீட்டுக் கதவைச் சாத்தாம சுவத்துக்குப் பஞ்சு வச்ச மாதிரி. 35 வெள்ளிக்குப் புது ரப்பர். அதைப் போட்டதும் ஓட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் குலைக்குறது கேட்டுச்சு! அதுக்கு மேல, தரைல சூடு தாங்குற ஃபோம், அதுக்கு மேல விரிப்பு. இப்ப 80ல 76 டெசிபல். மூணு டெசிபல் குறைஞ்சாலே சத்தத்தோட சக்தி பாதி ஆகும்னு எங்களுக்குப் பயிற்சில சொல்லியிருக்காங்க. ஏழு குறைஞ்சிருக்கு.

இப்ப அந்தக் கடைசி விஷயம். நேத்து ராத்திரி இதை எழுதிட்டு அழிச்சேன். இன்னிக்குத் திரும்ப எழுதுறேன்.

அந்த ராத்திரி வேன் சத்தம் மட்டும் காரணம் இல்ல. 28 வருஷமா பிரஸ் மெஷின் பகுதில வேலை. ஆரம்ப காலத்துல காது அடைப்பான் யாரும் போட மாட்டோம், போட்டா கிண்டல் பண்ணுவாங்க. ஃபேக்டரில வருஷா வருஷம் காது சோதனை நடக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடியே டாக்டர் என் தாளைக் காட்டி, 4000 ஹெர்ட்ஸ்கிட்ட கோடு குழி மாதிரி இறங்கியிருக்கு பாருங்கன்னு சொன்னாரு. ஆம்பளைங்க தாழ்ந்த குரல் கேக்கும், என்ஜின் சத்தம் கேக்கும், பொம்பளைங்க, குழந்தைங்க பேசுறது தெளிவா விழாதுன்னாரு. திரும்பி வராதுன்னும் சொன்னாரு. அதை நான் ஆலய நிர்வாகத்துல யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல கூட ரொம்ப நாள் சொல்லல. சொன்னா வேன் சாவிய வாங்கிடுவாங்களோன்னு பயம். 14 வருஷமா அந்த வேன்தான் கோயில்ல எனக்கு இருக்குற இடம். மேடையில பேசத் தெரியாது, தேவாரம் பாடத் தெரியாது, நன்கொடை குடுக்கப் பெரிய வசதி இல்ல. வேன் ஓட்டுவேன். அதனால மறைச்சேன். 'பழைய வேன்'னு நீங்க சொன்னப்ப அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

தகரத்துக்கு ஷீட்டு ஒட்டுற ஒவ்வொரு நாளும் இது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வேனை அமைதியாக்கலாம், என் காதுக்கு என்னத்த ஒட்டுறது?

போன செவ்வாக்கிழமை தலைவரைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், இனிமே வேன்ல எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கேக்கணும்னு சொன்னாரு. ராத்திரி நடக்கும்போது ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கணும், கடைசில நடக்குறவர் கழுத்துல விசில் கட்டியிருக்கணும். ஓட்டுறது நானா, இல்ல இளைஞர் பிரிவுத் தம்பியான்னு அடுத்த கூட்டத்துல முடிவு செய்வாங்க. என்ன முடிவு வந்தாலும் சரின்னு சொல்லிட்டு வந்தேன். காதுக் கருவிக்கும் அளவு குடுத்துட்டேன்.

அக்கா வீட்டுக்கும் போனேன். போன வருஷத்துலேர்ந்து அவங்க முகத்த நேரா பார்க்கல நான். மைலோ கலக்கிக் குடுத்தாங்க. வலது கை இன்னும் முழுசா மடங்கல, இடது கையாலதான் கலக்குனாங்க. சொன்னேன், எல்லாத்தையும். கேட்டுட்டு, "ஏன் தம்பி, அப்பவே சொல்லியிருந்தா நான் முன்னாடி வந்து கண்ணாடியத் தட்டியிருப்பேனே"ன்னு மட்டும் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்த வருஷமும் டாக்டர் குடம் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. உங்க வேன்ல அந்த ரெண்டாவது சீட்டு காலியா? நான் உக்காருறேன். நான் பக்கத்துல உக்காந்து கத்துனா கேக்கும்ல?"ன்னு கேட்டாங்க.

கேக்கும் அக்கா.

பாத யாத்திரைக்குப் பேர் குடுக்குறவங்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மடப்பள்ளி பக்கம் என்னைப் பாருங்க. பளபளக்குற மேல்சட்டை இருந்தா கொண்டு வாங்க, இல்லாதவங்களுக்கு 20 இருக்கு. பேசும்போது என் வலது பக்கம் நின்னு பேசுங்க, பிரஸ் மெஷின் எனக்கு இடது பக்கம்தான் இருந்துச்சு.

முருகா சரணம்.